தொப்பிச் சத்தமும் இரண்டாயிரம் ரூபாயும்

அக்கா மகள் பாண்டியில் கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். எங்கள் வாயில் அது திருப்பாப்புலியூர். காலையில் ஏழரை மணி பஸ், சாயங்காலம் ஐந்தரை மணி பஸ். நானும் பாண்டியில்தான் வேலை பார்க்கிறேன். பதினோரு வருஷமாக அதே தடம். பெண்ணையாற்றுப் பாலம், கங்கணாங்குப்பம், கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று கண்ணை மூடிக்கொண்டே ஊர்களைச் சொல்லிவிடுவேன். டிரைவர் ஹாரன் அடிக்கிற விதத்திலேயே எந்த வளைவு என்று தெரியும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தி, ரெண்டாயிரம் ரூபா சேத்து வச்சிருக்கேன். நல்லதா ஒரு ஹெட்செட் சொல்லு."

நம் ஊரில் காதில் மாட்டுகிற எல்லாவற்றுக்கும் ஹெட்செட் என்றுதான் பெயர். தலையைச் சுற்றிப் போடுவதும் அதுதான், ரப்பரோடு காதுக்குள் போவதும் அதுதான், ஒயரே இல்லாத இரண்டு கொட்டைகளும் அதுதான். அவள் எதைக் கேட்கிறாள் என்று தெரியாமல் ஒரு பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த விஷயத்தில் நான் நிறையக் காசு விட்டிருக்கிறேன். அவளுடைய இரண்டாயிரம், நாலு மாதமாக வடையும் டீயும் வேண்டாமென்று சொல்லிச் சேர்த்தது.

"எங்க வச்சுக் கேப்ப?" என்று கேட்டேன்.

"பஸ்லதான். வேற எங்க நேரம்?"

அந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. முதல்முறை வாங்குகிற எல்லோரும் எந்தக் கம்பெனி நல்லது என்பதில் ஆரம்பிக்கிறார்கள். எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறோம் என்பதில் ஆரம்பித்தால், கடையில் தொங்குகிற நூற்றில் எண்பது தானாகவே விலகிப் போகும். ராத்திரி மாடி அறையில் தனியாக உட்கார்ந்து கேட்பவருக்கு, வெளிச்சத்தம் உள்ளே வந்து போகிற திறந்த வகை ஹெட்போன் பெரிய சுகம். ஜெர்மனியின் சென்ஹைசர் 1968-ல் எச்டி 414 என்ற பெயரில் அந்த வகையைக் கொண்டுவந்தது. காதுக்கு மஞ்சள் பஞ்சு வைத்த எளிய சாமான். பாட்டு தலைக்குள் அடைந்து கிடக்காமல் முன்னே விரிந்து நிற்கும். அதையே கொண்டுபோய்க் கடலூர் பாண்டி பஸ்ஸில் பின் சீட்டில் மாட்டினால், கண்டக்டர் விசிலும் இன்ஜினும்தான் கேட்கும்.

காதை முழுக்க மூடுகிற பெரிய வகை? கடலோரத்து வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கூட்டத்தில் நிற்பது சிரமம். இந்த விலையில் வருகிற மெத்தையெல்லாம் ரெக்சின் மாதிரி ஒரு பொருள். வியர்வை ஊறி, இரண்டு கோடை தாண்டுவதற்குள் கறுப்புச் செதிலாகக் கன்னத்தில் ஒட்ட ஆரம்பிக்கும். ஏசி அறையில் படிக்கிற பிள்ளைக்கு அதை வாங்கித் தருவேன். இவளுக்கு வேண்டாம். ரப்பர் நுனியோடு காதுத் துளைக்குள் போய் அடைத்துக்கொள்கிற வகைதான் சரி என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அவள் அப்போது காதில் மாட்டியிருந்தது, போனோடு வந்த பழைய வெள்ளை வகை. ரப்பர் கிடையாது, காது மடலில் தொங்கிக்கொண்டிருக்கும். போனை வாங்கி ஒலி எதில் நிற்கிறது என்று பார்த்தேன். அவள் போனில் மொத்தம் 15 படி. பஸ்ஸில் 13-ல் வைத்துத்தான் கேட்பேன் என்றாள்.

எனக்குப் பகீரென்றது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-ல் ஓர் அளவு வெளியிட்டிருக்கின்றன. சத்தத்தை டெசிபல் என்ற கணக்கில் அளப்பார்கள். பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகும். அதனால் கேட்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. இவள் போக வர நாளைக்கு இரண்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள், ஆக 12 மணி நேரம் கேட்கிறாள். 86-ஐத் தொட்டாலே அளவு தாண்டிவிடும். பஸ் சத்தத்தை மீறிப் பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் அதற்கும் மேலேதான் வைத்தாக வேண்டும். அது அவள் குற்றமில்லை. வெளிச்சத்தம் அடங்காத காதில் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் வைக்கும்.

ஆகவே குறைந்த விலையில் நல்ல ஹெட்செட் என்று நான் சொன்னால், குறைந்த ஒலியில் முழுப் பாட்டும் கேட்கிறதா என்பதைத்தான் முதலில் சொல்கிறேன்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. அவர் மேடை வித்வான் இல்லை. மார்கழி மாதத்தில் விடியற்காலை பஜனை கோஷ்டியோடு வீதி சுற்றும்போது மிருதங்கம் வாசிப்பார். இருபது வருஷத்துக்கு மேல் வாசித்தார். இப்போது கை வலி, வாசிப்பதில்லை. கேட்பதோடு சரி.

சம்பளம் வாங்க ஆரம்பித்த புதிதில் நான் முதன்முதலாக ஓர் இயர்போன் வாங்கினேன். பெட்டியில் பாதி இடத்துக்கு 'பேஸ்', அதாவது கனமான கீழ் ஒலி, என்றே எழுதியிருந்தது. போட்டதும் மண்டை அதிர்ந்தது. இதுதான் நல்ல சாமான் என்று நினைத்தேன். அப்பாவுக்கு ஒரு கச்சேரிப் பதிவை வைத்துக் கொடுத்தேன். தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டு நின்று மிருதங்கம் தனியாக வாசிக்கிற இடம். இரண்டு நிமிஷம் கேட்டார். கழற்றிக் கையில் கொடுத்தார்.

"இது தொப்பி இல்லம்மா. யாரோ கதவத் தட்றாங்க."

மிருதங்கத்தில் இடது பக்கம் தொப்பி. வாசிக்கும் முன் அதன் நடுவில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். அந்தக் கனத்தால்தான் அது கீழே இறங்கிப் பேசும். அடித்துவிட்டு உள்ளங்கையின் அடிப்பாகத்தைத் தோலின் மேல் அழுத்தி நகர்த்தினால் நாதம் வளைந்து ஏறும். அதற்குக் கும்கி என்று பெயர். தேர்ந்த கையில் கும்கி முனகும், கொஞ்சும், கேள்வி கேட்கும். நான் வாங்கியிருந்த சாமானில் அந்த வளைவு காணாமல் போயிருந்தது. கீழ் ஒலிகளை எல்லாம் ஒரே மாதிரி ஊதிப் பெருக்கி வைத்திருந்ததால், எந்த அடி விழுந்தாலும் ஒரே 'டும்'. பாடகரின் குரலும் அந்தச் சேற்றில் கால் புதைந்த மாதிரி மந்தமாக வந்தது.

வலது பக்கமும் அப்படித்தான். பொதுவாகத் தோல் வாத்தியங்களில் அடிப்படை ஒலிக்கு மேலே எழுகிற ஒலிகள் அதோடு ஒட்டாமல் சிதறி நிற்கும். அதனால்தான் பெரும்பாலான பறைகளுக்கும் முரசுகளுக்கும் ஸ்திரமான சுருதி இருப்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் ஏற்றியிருக்கும் கறுப்புக் கரணை அந்த மேல் ஒலிகளை இரு மடங்கு, மூன்று மடங்கு என்று வரிசையில் நிறுத்துகிறது. நம் சி.வி. ராமன் 1920-ல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார், 1934-ல் விரிவான ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். தோலில் அடித்தும் ஷட்ஜம் என்கிற 'ஸ' ஸ்வரம் நிற்கிறதே, அதற்கு இந்த வரிசைதான் காரணம். கீழ் ஒலியை மட்டும் ஊதிவிட்டு அந்த வரிசையைக் குலைக்கிற ஹெட்செட்டில், பாடகர் ஒரு சுருதியிலும் மிருதங்கம் வேறெங்கோவும் இருப்பது போலத் தோன்றும். அப்பாவுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தெரியாது. ஆனால் கதவைத் தட்டுகிறார்கள் என்று சரியாகச் சொன்னார்.

அடுத்த தடவை எல்லோரும் புகழ்ந்த ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினேன். இதில் நேர் எதிர்: கீழ் ஒலியே இல்லை. பித்தளைத் தட்டில் தட்டுகிற மாதிரி எல்லாம் மேலேயே நின்றது. ஏமாந்துவிட்டோம் என்று ஒரு வாரம் மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் அப்பா எடுத்து, அதோடு வந்த குட்டிப் பையைத் திறந்து, பெரிய ரப்பரை மாட்டிப் போட்டுப் பார்த்து, "தொப்பி இருக்கே" என்றார்.

எனக்கும் அப்படியே ஆயிற்று. வலது காதுக்குப் பெரிய ரப்பர், இடது காதுக்கு நடுத்தரம். மனிதர்களுக்கு இரண்டு காதுத் துளையும் ஒரே அளவில் இருக்க வேண்டுமென்று இல்லை. ரப்பர் சரியாக அடைக்காவிட்டால் முதலில் ஓடிப்போவது கீழ் ஒலிதான். உள்ளே இருக்கிற தகடு நகத்தளவு. மூடிய சிறு இடத்துக்குள் காற்றை அழுத்தித்தான் அது கீழ் ஒலியைத் தர முடியும். ஓரத்தில் சிறு இடைவெளி இருந்தாலும் அந்த அழுத்தம் கசிந்துவிடும். அதே இடைவெளி வழியாகத்தான் பஸ் சத்தமும் உள்ளே வரும். இந்த ஓட்டைக்காகத்தான் மக்கள் ஒலியைக் கூட்டுகிறார்கள், பேஸ் கூட்டிய சாமானைத் தேடி ஓடுகிறார்கள், இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிறார்கள். பத்து ரூபாய் ரப்பரில் தீர்ந்திருக்கும்.

மாட்டுவதற்கும் ஒரு கை இருக்கிறது. வலது காதுக்கு மாட்டும்போது, இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுக்க வேண்டும், துளை நேராகும். அப்போது உள்ளே வைத்து, மடலை விட வேண்டும். பிறகு வாயைத் திறந்து ஏதாவது பேசிப் பாருங்கள். உங்கள் குரல் உங்களுக்கே தண்ணீர்த் தொட்டிக்குள் பேசுவது போல முழங்கினால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். வலித்தால் ஒரு அளவு குறையுங்கள். சிலிக்கோன் ரப்பர் எதுவும் பொருந்தாதவர்களுக்குப் பஞ்சு மாதிரி அமுங்குகிற நுனி இருக்கிறது; விரலால் நசுக்கி உள்ளே வைத்தால் மெல்ல விரிந்து அடைத்துக்கொள்ளும். சீக்கிரம் அழுக்காகும், மாற்ற வேண்டும், ஆனால் வெளிச்சத்தத்தை நன்றாக நிறுத்தும்.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அவள் போனில் நாலைந்து படம் காட்டிவிட்டாள். ஒவ்வொன்றிலும் பெரிய பெரிய வார்த்தை.

"20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்பது எல்லாப் பெட்டியிலும் இருக்கும். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. அது மனிதக் காது கேட்கக்கூடிய எல்லை. அந்த எல்லைக்குள் எது எவ்வளவு தூக்கி, எது எவ்வளவு தாழ்ந்து வருகிறது என்று சொல்லாதவரை அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. டிரைவர், அதாவது உள்ளே ஒலி எழுப்புகிற பாகம், 10 மில்லிமீட்டரா 14 மில்லிமீட்டரா என்பதும் அப்படியே. பெரிய அண்டாவில் வைத்தால் சாம்பார் ருசியாகிவிடாது. மின்தடை 16 அல்லது 32 ஓம் என்று இருந்தால் போனே தாராளமாக ஓட்டும், அந்த அளவில் நின்றுகொள்ளலாம். ஸ்டுடியோவில் வைக்கிற 250 ஓம் சாமானை யாராவது மலிவாக விற்றால் வாங்க வேண்டாம், போனில் முனகும்.

இரண்டு எழுத்துச் சேர்க்கைகள் மட்டும் மிக முக்கியம், ஏனென்றால் இதில்தான் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏ.என்.சி. என்பது வெளிச்சத்தத்தை மைக் வழியாக எடுத்து, அதற்கு நேர் எதிரான அலையை உங்கள் காதுக்குள் விட்டு அடக்குவது. இன்ஜின் இரைச்சல் போன்ற தொடர்ச்சியான கீழ் ஒலியில் நன்றாக வேலை செய்யும். ஹாரனையும் பேச்சையும் அவ்வளவாக நிறுத்தாது. இ.என்.சி. என்பது முற்றிலும் வேறு. நீங்கள் போனில் பேசும்போது, எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் பக்கத்துச் சத்தம் போகாமல் பார்த்துக்கொள்வது. உங்கள் காதுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஒற்றை எழுத்து வித்தியாசம். அவள் காட்டியதில் மூன்று இ.என்.சி. வகை, அமைதியாகப் பாட்டுக் கேட்கலாம் என்று நினைத்துத்தான் அவற்றைக் குறித்து வைத்திருந்தாள்.

"ஒயர் இல்லாம வேணாமா சித்தி? எல்லாரும் அதான் வச்சிருக்காங்க."

நியாயமான கேள்வி. கூட்டத்தில் ஒயர் மாட்டிக்கொண்டு இழுபடுவது எனக்குத் தெரியாததா. ஓடுகிறவர்களுக்கும், வேலை செய்துகொண்டே கேட்பவர்களுக்கும் ஒயர் இல்லாததுதான் வசதி. ஆனால் இரண்டாயிரம் ரூபாயில் ஒயர் இல்லாததை வாங்கும்போது அந்தக் காசு பங்கு போகிறது: இரண்டு காதுக்கும் பேட்டரி, டப்பாவில் ஒரு பேட்டரி, புளூடூத் சில்லு, மைக்குகள். மீந்ததில்தான் ஒலி. அந்தக் குட்டி பேட்டரி நாளாக ஆகத் தளரும். பெரும்பாலானவற்றில் அதை மாற்றவும் முடியாது. சாமான் நன்றாக இருக்கும்போதே பேட்டரி செத்து, முழுதாகக் குப்பைக்குப் போகும். ஒயர் உள்ளது கவனமாக வைத்தால் ஏழெட்டு வருஷம் ஓடும். என்னிடம் ஒன்று அப்படி ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்பாவுக்கு வேறு ஒரு காரணமும் உண்டு. அவர் போனில் எஃப்.எம். வேலை செய்ய ஒயர் ஹெட்செட் குத்தியிருக்க வேண்டும். அந்த ஒயர்தான் ஏரியல். அதைப் பிடுங்கினால் புதுச்சேரி வானொலி நின்றுபோகும். ஒயர் இல்லாத உலகம் அவருக்கு வானொலி இல்லாத உலகம்.

ஒயர் உள்ளதை வாங்கினால், ஒயரைக் கழற்றி மாட்டுகிற வகையாக வாங்கச் சொல்வேன். ஹெட்செட் செத்துப்போவது பெரும்பாலும் ஒயரில்தான்: போனில் குத்துகிற ஜாக்குக்குப் பக்கத்தில், இல்லையென்றால் இரண்டாகப் பிரிகிற இடத்தில். இதில் எனக்கு நடந்தது ஒன்று. சில வருஷம் முன்னால் ஜாக்குப் பக்கம் அறுந்து, ஒரு காது மட்டும் கேட்டது. ஒரு மொபைல் ரிப்பேர் கடையில் கொடுத்தேன். ஒயரை வெட்டி, உள்ளே இருக்கும் மயிரிழைக் கம்பிகளை நெருப்பில் லேசாகக் காட்டினார் கடைக்காரர். அந்தக் கம்பிகளின் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும். அதைக் கருக்கினால்தான் ஈயம் பிடிக்கும். புது ஜாக்கில் ஈயம் வைத்துக் கொடுத்தார். இரண்டு காதும் கேட்டது. அறுபது ரூபாய். சந்தோஷமாக வந்துவிட்டேன்.

வீட்டில் கேட்டால் ஏதோ சரியில்லை. செய்தி வாசிப்பவரின் குரல் நெற்றிக்கு நடுவில் வராமல், தலைக்குப் பின்னால் எங்கோ கலைந்து நின்றது. தொப்பி வலுவிழந்திருந்தது. அப்பாதான், "ரெண்டு காதும் கேக்குது, ஆனா ஒண்ணோட ஒண்ணு பேச மாட்டேங்குது" என்றார். மறுநாள் கொண்டுபோய்ச் சொன்னதும் கடைக்காரர் உடனே புரிந்துகொண்டார். ஒரு காதின் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருந்தன. ஒரு பக்கத் தகடு முன்னே தள்ளும் நேரத்தில் மறு பக்கத் தகடு பின்னே இழுத்துக்கொண்டிருந்தது. மாற்றி வைத்தார், காசு வாங்கவில்லை. குரல் நடுவுக்கு வந்து உட்கார்ந்தது.

அன்றிலிருந்து எந்த ஹெட்செட்டை எடுத்தாலும் முதலில் பாட்டு வைப்பதில்லை. ஒரே ஒருவர் பேசுகிற பதிவை வைப்பேன். குரல் மூக்குக்கு நேராக, தலையின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு காதும் ஒரே அளவில் இல்லை. அல்லது ஒரு ரப்பர் சரியாக அடைக்கவில்லை. விலை குறைந்தவற்றில் இந்தச் சாய்வு அடிக்கடி உண்டு. வாங்கிய அன்றே பார்த்துவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்.

பிறகு 'ஸ', 'ச' நிறைய வருகிற பாட்டு. அந்த எழுத்துகளின் சீறல் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் அதிகம். அங்கே தூக்கலாக இருக்கும் சாமான், முதல் ஐந்து நிமிஷம் பளிச்சென்று துல்லியமாகக் கேட்கும். அரை மணி நேரத்தில் ஊசி குத்துவது போல ஆகும். பிறகு நாதஸ்வரம். நம் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையில்தான் மிகக் கூர்மை. காதுத் துளையின் நீளமே அந்த இடத்தை எடுப்பாக்குகிறது. அங்கே ஹெட்செட்டும் சேர்ந்து தூக்கினால் நாதஸ்வரம் உறுத்தும், அடங்கினால், ஊதுகிற சீவாளியின் உயிர் போய்விடும். கடைசியாகத் தம்புரா. நாலு தந்தி மட்டும்தான், ஆனால் கண்ணாடிச் சரம் மாதிரி மேலே மேலே ஒலிகள் கிளம்பிக்கொண்டே இருக்கும். பாட்டுக்குப் பின்னால் தம்புரா கலையாமல் கேட்டால் நல்ல சாமான்.

இவள் கச்சேரி கேட்கிறவள் இல்லை. சினிமாப் பாட்டும் கானாவும்தான். அதனாலென்ன. "உனக்கு மனப்பாடமான பாட்டு ஒண்ண வை. பல்லவி வரிக்குப் பின்னாடி என்ன வாத்தியம் வருதுன்னு உனக்குத் தெரியும்ல? அது எங்க நிக்குதுன்னு பாரு" என்றேன். தெரியாத பாட்டை வைத்துத் தெரியாத ஹெட்செட்டை எடை போட முடியாது.

கேட்கலாமென்றால் எங்கே கேட்பது? காதுக்குள் வைக்கிற சாமானைக் கடையில் பிரித்துத் தர மாட்டார்கள். அதில் தப்பில்லை, இன்னொருவர் காதில் வைத்ததை யார் வாங்குவார்? அதனால் ஒரு வாரம் அவள் தோழிகளிடமும் என் அலுவலகத்தில் இரண்டு பேரிடமும் கடன் வாங்கி, எங்கள் ரப்பரை மாட்டிக் கேட்டோம். பஸ்ஸிலேயே கேட்கச் சொன்னேன். வீட்டில் அருமையாக இருந்த ஒன்று தவளக்குப்பம் தாண்டுவதற்குள் தோற்றது. ரப்பரின் தண்டு குட்டை, பஸ் குலுங்கும்போது கழன்று கழன்று வந்தது.

பெயர் சொல்லு என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். சீனாவிலிருந்து 2022-ல் வந்த மூன்ட்ராப் சூ, செவன் ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ ஆகிய இரண்டு இயர்போன்களும் இந்த விலை வட்டாரத்தின் முகத்தையே மாற்றின. வந்தபோது இரண்டும் சுமார் 20 டாலர். அதற்கு முன் அந்த அளவு சமநிலையான ஒலிக்குப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது. முதல் சூவில் ஒயரைக் கழற்ற முடியாது, அதற்கு அடுத்து வந்த சூ 2-ல் முடியும். ஜீரோவில் ஆரம்பத்திலிருந்தே முடியும். அதிர்கிற பேஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு இவை முதலில் சப்பென்று இருக்கும். ஒரு வாரம் கொடுங்கள். நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஹெட்செட் பக்குவமாகும் என்று சிலர் சொல்வார்கள். பக்குவமாவது நம் காதுதான் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகும் கீழ் ஒலி போதவில்லை என்றால் கீழ் ஒலி, மேல் ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற போனின் ஈக்குவலைசரில் இரண்டு மூன்று டெசிபல் தூக்கிக்கொள்ளலாம். பெட்டியிலேயே ஊதி வருவதைக் குறைப்பதைவிட இது சுலபம்.

அவள் போனில் வட்ட ஓட்டை கிடையாது, டைப்-சி மட்டும்தான். அந்த 3.5 மில்லிமீட்டர் ஓட்டைக்கு மூதாதை, பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெண்கள் குத்திக் குத்தி எடுத்த கால் அங்குல ஜாக். நூறு வருஷத்துக்கு மேல் உழைத்த ஒன்றைப் பல போன்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் ஒரு சின்ன இணைப்பு ஒயரும் வாங்க வேண்டியிருந்தது. அதிலும் பார்த்து வாங்க வேண்டும். உள்ளே டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சில்லு உள்ளது ஒரு வகை. வெறும் ஒயர் மட்டும் உள்ளது இன்னொரு வகை. வெறும் ஒயர் சில போன்களில் மட்டும் வேலை செய்யும், மற்றவற்றில் ஊமை. அந்தச் சில்லுக்குப் பெயர் டி.ஏ.சி. பெட்டியில் அது எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கினோம்.

ஹெட்செட்டும் இந்த இணைப்பு ஒயரும் சேர்ந்து இரண்டாயிரத்து முந்நூறு ஆயிற்று. முந்நூறுக்கு நான் பையைத் திறப்பதற்குள் தாத்தா பனியனுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். பார்சல் வந்தால் முதலில் தான் கேட்க வேண்டும் என்று ஒப்பந்தம்.

இந்த ஹெட்போன் என்கிற பொருளே காது கேட்காத ஏக்கத்தில் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் நதானியல் பால்ட்வின் என்பவருக்கு, பெரிய தேவாலயத்தில் நடக்கும் பிரசங்கம் சரியாக எட்டவில்லையாம். அதிலிருந்துதான் ஒலியைப் பெருக்குகிற வேலையில் இறங்கினாராம். அவர் தன் வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்த ஹெட்போன்களைத்தான் 1910-ல் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். பார்சலைப் பிரித்து அப்பா காதில் மாட்டிவிட்டபோது பால்ட்வின் ஞாபகம் வந்தது. வயதாக ஆக மேல் ஒலிகள்தான் முதலில் போகும். அப்பாவுக்கு 'ச'வும் 'த'வும் குழம்புகின்றன. டிவியில் வசனம் புரியாமல் ஒலியைக் கூட்டுகிறார். தொப்பி மட்டும் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

"தாத்தா, பெரிய ரப்பர் மாட்டட்டுமா?"

"மாட்டு."

பழைய தனி ஆவர்த்தனத்தையே வைத்தாள். அவர் வலது கை தொடையில் தாளம் போட்டது. கொஞ்ச நேரத்தில் இடது உள்ளங்கை முழங்காலின் மேல் அழுந்தி நகர்ந்தது. கும்கி கேட்டுவிட்டது என்று நான் தெரிந்துகொண்டேன். பத்து நிமிஷம் கழித்துக் கேட்டுத்தான் திருப்பி வாங்கினாள்.

பராமரிப்பைப் பற்றி அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உதவும். உப்புக் காற்றும் வியர்வையும் ஜாக்கின் முலாமையும், ஹெட்செட்டில் காதுக்குள் போகிற மூக்கின் சல்லடையையும் மெல்ல அரிக்கும். பையில் சுருட்டிப் போடாமல் ஒரு சின்ன டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். ரப்பரை மட்டும் கழற்றி வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். சல்லடையில் காதழுக்கு அடைத்தால் ஒரு பக்கம் ஒலி குறையும்; ஊசியால் குத்தாமல், ஹெட்செட்டின் மூக்கைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷால் தட்டி எடுங்கள். ஒயரைக் கையில் இறுக்கிச் சுற்றாதீர்கள். பிடுங்கும்போது ஜாக்கைப் பிடித்துப் பிடுங்குங்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொன்னேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும், இறங்கும் முன் கழற்றிவிட வேண்டும். இந்த ரோட்டில் லாரிகள் வருகிற வேகத்துக்கு, காதை அடைத்துக்கொண்டு குறுக்கே நடக்க முடியாது. அரியாங்குப்பம் வந்ததும் கழற்றிப் பையில் வைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

திங்கட்கிழமை எனக்கு லீவு, அவள் மட்டும் போனாள். எட்டு மணிவாக்கில் போன் வந்தது. பின்னால் இன்ஜின் உறுமுகிறது, யாரோ கும்பகோணம் வெற்றிலைக்குப் பேரம் பேசுகிறார்கள், ஹாரன் ஒன்று நீளமாக அடிக்கிறது.

"சித்தி, கன்னியக்கோயில் தாண்டிட்டேன். ஆறுலதான் வச்சிருக்கேன். எல்லாமே கேக்குது."